கரீபியக் கலைப் புகைப்படக்காரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்வது என் தொழில். கரீபியத் தீவுகளில் இன்று இயங்கிவரும் கலைப் புகைப்படக்காரர்களைப் பற்றி ஒரு படம் தயாராகிறது. அதற்கு எந்தத் தொலைக்காட்சியின் பின்பலமும் கிடையாது. அதில் நானும் இருக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, நண்பர்களும் திரைப்படம் படிக்கிற பிள்ளைகளும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்களை வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை என் அபிப்பிராயம், மறுக்கலாம்.

1. கலைப் புகைப்படக்காரர் என்றால் யார்? கல்யாண போட்டோ எடுப்பவரும் கலைஞர்தானே?

கலைஞர்தான். வேறுபாடு வேலை எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. கல்யாண வீட்டார் கேட்கிறார்கள், அவர் எடுக்கிறார். இங்கே யாரும் கேட்பதில்லை. எடுப்பவரின் மனத்தில் ஏதோ ஒன்று கிடந்து அரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதையே சுற்றிச் சுற்றி எடுத்து, ஒரு தொடராகக் காட்சிக்கு வைக்கிறார். செயின்ட் வின்சென்ட் தீவின் நாடியா ஹக்கின்ஸ், கடலுக்கடியில் எடுத்த தன் உருவப்படத்தைப் பவளம், கடல் முள்ளெலி போன்ற உயிர்களின் படத்தோடு ஒட்டி வைத்து ஒரு தொடர் செய்திருக்கிறார். அப்படி ஒன்றை யாரும் முன்பணம் கொடுத்து எடுக்கச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் இந்தத் துறையில் ஓட்டல் விளம்பரமும் கல்யாண ஆல்பமும் சோறு போடுவது சாதாரணம். சிறு தீவில் கலைச்சந்தை பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. படத்தில் அதை மறைக்காதீர்கள். வாடகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், வருமானம் இல்லாத வேலையை ஒருவர் ஏன் செய்கிறார் என்ற கேள்விக்குக் கனம் வரும்.

2. கரீபியன் என்றால் ஜமைக்கா, வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணி, அவ்வளவுதானே?

கிரிக்கெட் ஆடாத கரீபியன்தான் பெரியது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிஷ், ஹைட்டி, மார்ட்டினிக், குவாடலூப்பில் பிரெஞ்சும் கிரியோல் என்னும் கலப்பு மொழியும், கியுராசாவில் பாப்பியமெந்து மொழி. தென்னமெரிக்க நிலப்பரப்பில் இருந்தாலும் கயானாவும் சூரினாமும் வரலாற்றால் இந்தக் குடும்பம்தான். வெளியே போனவர்களையும் சேர்க்க வேண்டும். 1953இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இங்க்ரிட் பொலார்ட், 2022இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஆல்பர்ட் சோங், ஆப்பிரிக்க, சீன வம்சாவளியினர். அமெரிக்காவின் கொலராடோவில் இருந்துகொண்டு தன் குடும்பப் படங்களை வைத்து அசைவற்ற பொருள்களின் படங்களை உருவாக்குகிறார். இவர்களை விட்டுவிட்டு வரைபடத்தில் உள்ள தீவுகளை மட்டும் எண்ணினால் பாதிக் கதை போய்விடும்.

3. அந்தத் தீவுகள் இயல்பிலேயே அழகு. கேமராவை எங்கே திருப்பினாலும் நல்ல ஷாட். இதில் என்ன கஷ்டம்?

கஷ்டமே அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் ஜமைக்காவையும் பஹாமாஸையும் சுற்றுலாத் தலங்களாக விற்க முனைந்தபோது, காலனி அரசும் ஓட்டல் முதலாளிகளும் வாழைப்பழக் கம்பெனிகளும் முதலில் தேடியது புகைப்படக்காரர்களைத்தான். காய்ச்சல் பிடிக்கும் இடம், போனால் திரும்ப முடியாது என்ற பெயரை மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஒழுங்காக வளர்ந்த தென்னை, தலையில் கூடை வைத்துச் சிரிக்கும் பெண், ஆளில்லாத கடற்கரை ஆகியவை அஞ்சலட்டையாக உலகம் சுற்றின. பஹாமாஸைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் கிறிஸ்டா தாம்சன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். டிரினிடாட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் மோரின், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியச் சமூகத்தின் பெண்களை நகை பூட்டி நிறுத்தி எடுத்த படங்களும் இதே வழியில் அஞ்சலட்டையாகி விற்றன.

இன்றைய கலைஞர்களில் பலர் இந்தப் பழைய படங்களோடு நேரடியாக மல்லுக்கு நிற்பவர்கள். டிரினிடாட்டின் ரோடெல் வார்னர், காலனிக்காலப் படங்களுக்குள் கணினியில் செய்த ஒளிரும் வடிவங்களை மிதக்க விடுகிறார். அங்கே பிறந்து அமெரிக்காவில் வாழும் ரென்லூக்கா மஹராஜ், அந்தப் பெண்களின் படங்கள்மேல் வண்ணம் பூசி அவர்களை வேறொருத்தியாக நிமிர்த்துகிறார். இவர்களைப் பற்றிய படத்தை நீலக்கடல் மேல் பறக்கும் டிரோன் ஷாட்டில் தொடங்கினால், அவர்கள் எதை எதிர்க்கிறார்களோ அந்த அஞ்சலட்டையைத்தான் நீங்களும் அச்சடிக்கிறீர்கள். எங்கள் தொகுப்பில், ஒரு கலைஞரின் வேலை கடலைக் கேட்கும் வரை கடல் வராது.

4. எத்தனை பேரைப் படத்தில் வைக்கலாம்?

நான்கு அல்லது ஐந்து. இருபது பேர் என்றால் அது பட்டியல். நாட்டுக்கு ஒருவர் என்று பங்கு பிரிப்பதையும் தவிருங்கள். அது மாநாட்டு மேடைக்குச் சரி. ஒருவருடைய கேள்வி அடுத்தவரின் படத்தில் தொடர வேண்டும். ஹக்கின்ஸின் கடலுக்குப் பிறகு மரியா மக்தலேனா காம்போஸ்-போன்ஸின் கடலுக்குப் போகலாம். அவர் கியூபாவின் மத்தான்சாஸில் பிறந்தவர். அவருடைய வேலையில் கடல் என்றால் அடிமைக் கப்பல்கள் வந்த வழி.

5. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. யாரிடம் தொடங்குவது?

கலைஞர்களே நடத்தும் இடங்களில். டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் வுட்புரூக் பகுதியில், கட்டடக் கலைஞர் ஷான் லெனார்டின் குடும்ப வீட்டுக் கொல்லையில் 2006இல் தொடங்கியது ஆலிஸ் யார்டு. கிறிஸ்டோபர் கோஸியரும் நிக்கலஸ் லாஃப்லினும் உடன் நின்றவர்கள். 2022இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கலைக் கண்காட்சி வரை போன அமைப்பு அது. பார்படாஸில் 2011இல் ஆனலீ டேவிஸ் தொடங்கிய ஃபிரெஷ் மில்க் ஒரு பால்பண்ணையில் இயங்குகிறது. கிங்ஸ்டனிலும் பஹாமாஸின் தலைநகர் நாசோவிலும் தேசியக் கலைக்கூடங்கள் இருக்கின்றன.

கடிதம் எழுதும்போது அவருடைய எந்தத் தொடரைப் பார்த்தீர்கள், அதில் எது உங்களை நிறுத்தியது என்று எழுதுங்கள். நேரில் போனால், முதலில் ‘குட் மார்னிங்’. கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழைந்ததும் இதைச் சொல்லாமல் விஷயத்தைத் தொடங்குவது அங்கே வளர்ப்பு சரியில்லாத பிள்ளை செய்கிற காரியம். கேமராவோடு வருகிறவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

6. புகைப்படம் அசையாது, சினிமா அசைய வேண்டும். பார்ப்பவர் தூங்கிவிட மாட்டாரா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் அதிகம் சண்டை போடுவதும் இதற்காகத்தான். வழக்கமான தீர்வு என்னவென்றால், படத்தை ஸ்கேன் செய்து, மெதுவாக முகத்தை நோக்கி நெருங்கி, பின்னணியில் பியானோ வைப்பது. செய்தித் துணுக்குக்கு அது சரி. கலைப் புகைப்படத்தில் சட்டகத்தின் விளிம்பு கலைஞர் எடுத்த முடிவு. நீங்கள் முகத்தை நோக்கி நெருங்கும்போது அந்த முடிவை அழித்துவிட்டு உங்களுடையதை வைக்கிறீர்கள். எங்கள் விதி: முதல் முறை காட்டும்போது முழுப்படமும் வெட்டாமல், அசைக்காமல் திரையில் நிற்க வேண்டும். 3:2 படத்தை 16:9 திரையில் வைத்தால் இரு பக்கமும் கறுப்பு வரும், வரட்டும். எவ்வளவு நேரம் என்பதைப் படம்தான் சொல்லும். கண் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து, தவறவிட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை வைத்திருங்கள். அந்த நேரத்தில் இசை வேண்டாம். அந்த அறையின் மின்விசிறிச் சத்தம், தெருநாய், பக்கத்து வீட்டு வானொலி போதும்.

ஆனால் அசைவு நியாயமாகும் இடங்களும் உண்டு. ஜமைக்காவின் எபோனி ஜி. பேட்டர்சன் தான் அமைத்து எடுக்கும் புகைப்படங்களைத் துணியில் நெய்யவைத்து, அதன்மேல் மணியும் ஜிகினாவும் பூவும் ஏற்றுகிறார். அது நேரில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய பொருள். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால்தான் மினுக்கு எழும்பும். அதற்குள் மறைந்து கிடக்கும் உடல் திடீரென்று கண்ணில் படும். அங்கே கேமராவை ஆணியடித்து வைப்பது முட்டாள்தனம். காம்போஸ்-போன்ஸ் பெரிய போலராய்டு உடனடிப் படங்களைச் சேர்த்துச் சேர்த்து ஒரே உருவமாக்குபவர்; பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தாமல் எடுத்தால் அதன் அளவே தெரியாது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 4கே திரையின் அகலம் 3840 புள்ளிகள். படத்தில் பாதியளவு நெருங்கும் எண்ணம் இருந்தால் ஸ்கேன் குறைந்தது 7680 புள்ளி அகலம் இருக்க வேண்டும். பத்து அங்குலப் பிரதி என்றால் 800 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 800 புள்ளி. தொகுப்பு மேசைக்கு வந்த பிறகு மறுபடி ஸ்கேன் கேட்டால், பிரதி அதற்குள் வேறு நாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கும்.

7. கலைஞரை உட்கார வைத்து நன்றாக நேர்காணல் எடுத்தால் போதாதா?

போதாது. கேமராவுக்குப் பின்னால் வாழ்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்ததும் கண்காட்சிக் குறிப்பேட்டின் நடையில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மேசையில் பிரதிகளைப் பரப்பி, எதைத் தள்ளினீர்கள், ஏன் என்று கேளுங்கள். தள்ளிய படத்தைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் தயாரித்த வாக்கியம் கிடையாது.

8. எந்த மாதம் போகலாம்?

அதிகாரப்பூர்வப் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ‘ஜூலையில் ஒன்றும் வராது’ என்று சொல்பவர்களுக்கு 2024 ஜூலை 1 அன்று கெரியாக்கு, யூனியன் தீவுகளைத் துடைத்தெடுத்த பெரில் புயல் நினைவிருக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், வேலைக்கு ஏற்றது. அதிலும் உத்தரவாதம் இல்லை: செயின்ட் வின்சென்டின் லா சூஃப்ரியேர் எரிமலை வெடித்தது 2021 ஏப்ரல் 9 அன்று.

ஒளியைப் பொறுத்தவரை, நடுப்பகலில் சூரியன் உச்சியில் நின்று முகத்தில் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். மாலைப் பொன்னொளி சட்டென்று முடியும். சகாராவிலிருந்து அட்லாண்டிக் கடந்து வரும் தூசு சில வாரங்கள் வானத்தை வெளிறச் செய்யும். விளம்பரக்காரர்கள் சபிக்கும் ஒளி அது. அஞ்சலட்டை நீலம் போய்விடுவதால் எனக்குப் பிடிக்கும்.

9. கருவிகள் என்ன கொண்டுபோவது?

சிறிய கேமரா, நல்ல ஒலிக்கருவி. காசு குறைவாக இருந்தால் லென்ஸில் குறையுங்கள், மைக்கில் குறைக்காதீர்கள்; கிழக்கிலிருந்து வீசும் வர்த்தகக் காற்று ஓயாமல் அடிக்கும் இடம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் பனி பிடிக்கும் என்பதால், பையோடு கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

அதிகம் பேசப்படாதது மின்சாரம். ஜமைக்காவில் 110 வோல்ட், ஆனால் 50 ஹெர்ட்ஸ். டிரினிடாட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். செயின்ட் வின்சென்டிலும் பிரெஞ்சுத் தீவுகளிலும் 230 வோல்ட் அளவில், 50 ஹெர்ட்ஸ். கலைக்கூடத்தின் குழல்விளக்கு, மலிவு எல்இடி ஒளியில் ஷட்டரை 50க்கு 1/50, 60க்கு 1/60 என்று மாற்றாவிட்டால் படம் துடிக்கும். அந்தத் துடிப்பைத் தொகுப்பில் எடுப்பது நரகம். டிரோன் பற்றிக் கேட்பவர்களுக்கு: 3ஆம் பதிலைப் பாருங்கள். முன் அனுமதியில்லாமல் கியூபாவுக்குக் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

10. தீவு விட்டுத் தீவு போக எவ்வளவு ஆகும்? பணம் எங்கிருந்து வரும்?

நினைப்பதைவிட அதிகம். கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள தீவுக்குப் போக மயாமி வழியாகச் சுற்ற வேண்டி வரலாம். கிழக்குத் தீவுகளை இணைத்த லியாட் விமான நிறுவனம் 2020இல் முடங்கியபோது நிலைமை மோசமானது. பிறகு புதிய பெயரில் ஒன்று வந்திருக்கிறது. குவாடலூப், டொமினிக்கா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா இடையே படகுகள் ஓடுகின்றன. கருவிப்பெட்டிகளோடு போகிறவர்களுக்கு அது எவ்வளவோ மேல். 4ஆம் பதிலில் ஆள் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பணத்துக்கு, டொமினிக்கன் குடியரசின் 108-10ஆம் எண் திரைப்படச் சட்டம் 25 சதவீத வரிச்சலுகை தருகிறது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். வெளிநாட்டுப் படம் அங்கே 5 லட்சம் அமெரிக்க டாலராவது செலவழித்தால்தான் அது கிடைக்கும், நமக்கு உதவாது. கரீபிய மேம்பாட்டு வங்கி 2017இல் படைப்புத் தொழில்களுக்கான நிதியைத் தொடங்கியது. அந்தப் பகுதியைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஒருவரோடு சேர்ந்தால் அந்தக் கதவைத் தட்டலாம். மீதி, நீங்கள் வாழும் நாட்டின் கலை மன்றங்களும் சொந்தச் சேமிப்பும்.

11. கலைஞரே படத்தில் வருகிறார். அவருடைய புகைப்படங்களைக் காட்டத் தனி அனுமதி எதற்கு?

அவர் பேசச் சம்மதித்தது ஒன்று, படங்களைத் தருவது வேறொன்று. எந்தெந்தப் படம், எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், திருவிழாவா தொலைக்காட்சியா இணையமா என்று எழுத்தில் வாங்குங்கள். சுவரொட்டிக்கும் டிரெய்லருக்கும் தனிப் பத்தி வேண்டும். வெட்டக் கூடாது, மங்கலாக்கக் கூடாது என்று அவர் கேட்டால் சேர்த்துவிடுங்கள். 6ஆம் பதிலின்படி நீங்கள் எப்படியும் செய்யக் கூடாதது அது. தொகை சிறிதானாலும் கொடுங்கள். பிரதியை விலைக்கு வாங்கியவரிடம் பதிப்புரிமை இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இணையத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டோம் என்பவர்களுக்கு ஒரு வழக்கு. ஹைட்டியின் டேனியல் மொரெல் 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தன்று எடுத்த படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி பட நிறுவனமும் அவருடைய அனுமதியில்லாமல் அவற்றை விநியோகித்தன. 2013 நவம்பரில் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஜமைக்காவில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமை படைப்பாளி இறந்து 95 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பழைய படம்தானே என்று கைவைக்கும் முன் எண்ணிப் பாருங்கள். அசல் பழைய படங்கள் வேண்டுமென்றால் டொராண்டோவிலேயே தேடலாம்: ஒன்டாரியோ கலைக்கூடம் 2019இல் வாங்கிய மாண்ட்கோமரி தொகுப்பில் 34 நாடுகளின் 3,500க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

12. டிரினிடாட் கார்னிவல் தெருவில் நடக்கிறது. தெருவில் நடப்பதை எடுக்கவும் காசா?

ஆமாம். ‘மாஸ்’ என்னும் வேடக் கலைப்படைப்புகளை அந்த நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. வணிக நோக்கில் எடுப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி அட்டை வாங்க வேண்டும். எரிச்சலாக இருக்கலாம். ஆனால் தங்கள் உழைப்பை ஊரார் படம் பிடித்து விற்றுக்கொண்டே இருந்ததைக் கண்டவர்கள் போட்ட வேலி அது. 3ஆம் பதிலைப் படித்தவர்களுக்குப் புரியும்.

13. புகைப்படத்துக்குள் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டுமா? அதைப் புகைப்படக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

கலைக்கூடத்தில் நூறு பேர் பார்க்கச் சம்மதித்தவர், தொலைபேசியில் உலகமே பார்க்கச் சம்மதித்தார் என்று ஆகாது. ஹக்கின்ஸின் இன்னொரு தொடரில் கடலில் குதித்து விளையாடும் சிறுவர்கள் வருகிறார்கள். இப்படி எடுக்கப்பட்ட சிறுவர்கள் இன்று வளர்ந்த ஆண்கள். கண்டுபிடிக்க முடிந்தால் கேளுங்கள்.

தன்பாலின உறவாளர்கள் வரும் படங்களில் இது உயிர்ப் பிரச்சினை. ஜமைக்காவில் காலனிக்காலத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. செயின்ட் வின்சென்டில் 2024இல் நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டத்தை நிலைநிறுத்தியது. டிரினிடாட்டில் 2018இல் நீக்கப்பட்ட தடையை 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. படப்பிடிப்பு நாளில் பாதுகாப்பாக இருந்தவர் வெளியீட்டு நாளில் அப்படி இல்லாமல் போகலாம். அதனால் முதல் தொகுப்பு முடிந்ததும் காட்டி, இரண்டாம் முறை சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

14. ஹைட்டிக்குப் போகலாமா?

இப்போதைக்கு வேண்டாம். 2024 நவம்பரில் போர்ட்-ஓ-பிரின்ஸில் பயணிகள் விமானங்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து விமான நிலையத்தையே மூடினார்கள். அங்கே தேர்ந்த ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்து முழு ஊதியமும், அந்தப் பகுதிக்கு இணை இயக்குநர் பெயரும் கொடுங்கள். அவர்கள் வெளியே போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் படப்பிடிப்பு இல்லை.

15. நிர்வாணம், மதம் என்று சர்ச்சைக்குரிய படங்களைக் காட்டினால் வம்பு வராதா?

வரும். ஜமைக்காவில் பிறந்த ரெனே காக்ஸ், இயேசுவின் இடத்தில் தன் நிர்வாண உடலை நிறுத்தி இறுதி இரா விருந்தை ஐந்து சட்டகங்களில் அமைத்தார். 2001இல் அது புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது நியூயார்க் நகர மேயர் ஜூலியானி கொதித்தெழுந்தார். இந்தக் கதையை எல்லோரும் விரும்பிக் கேட்பார்கள். அதனாலேயே அது படத்தை விழுங்கிவிடும். மேயரின் குரலுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஜமைக்க மரூன்களின் தலைவி நானியாகத் தன்னை நிறுத்தி காக்ஸ் எடுத்த பிந்தைய தொடருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

16. அங்கே நம் தமிழர்கள் இருக்கிறார்களே, அதைச் சேர்த்தால் நம் ஊரில் ஓடுமே?

இருக்கிறார்கள். 1853 முதல் மார்ட்டினிக்குக்கும் 1854 முதல் குவாடலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பல் ஏறிய கூலிகளில் தமிழர்கள் ஏராளம். மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் நடக்கிறது. ஆனால் டிரினிடாட், கயானா இந்தியர்களில் பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். கயானாப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ரோஷிணி கெம்படூ, தோட்ட முதலாளிகளின் ஆவணங்களையும் டிஜிட்டல் படங்களையும் கலந்து, பதிவேட்டில் பெயரில்லாத பெண்களைத் தேடுபவர். அவர் கேட்கும் கேள்விக்காக அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வம்சாவளிக்காகச் சேர்த்து, தொலைந்த உறவைக் கண்டுபிடித்த கண்ணீர்க் காட்சி எடுக்க நினைத்தால் என்னைத் தொகுப்புக்கு அழைக்காதீர்கள்.

17. வெளியாளான உங்களுக்கு இதை எடுக்க என்ன தகுதி?

சான்றிதழ் எதுவும் இல்லை. கேட்பவர்களில் சிலருக்கு உண்மையான கோபம் இருக்கிறது, அது நியாயமானது. நாங்கள் செய்யக்கூடியது நடைமுறையில்தான்: உள்ளூர்க்காரர்கள் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவில் பெயரோடு இருக்கிறார்கள், கலைஞர்கள் முதல் தொகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள், வெட்டாத நேர்காணல்களின் பிரதி அந்தந்தக் கலைஞருக்கும், அவர் விரும்பினால் அந்த நாட்டின் கலைக்கூடத்துக்கும் போகும். இறுதி வெட்டு யார் கையில் என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இயக்குநர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் பக்கம். தன்னைப் பற்றிய படத்தைத் தானே வெட்டினால் அது மறுபடி கண்காட்சிக் குறிப்பேடாகிவிடும்.

18. முடித்த பிறகு யார் பார்ப்பார்கள்?

2006இல் தொடங்கிய டிரினிடாட் டொபேகோ திரைப்பட விழா, மயாமியின் தேர்ட் ஹொரைசன், டொராண்டோவின் கரீபியன்டேல்ஸ், குவாடலூப்பின் ஃபெமி ஆகியவை முதல் வரிசை. பெரிய விழா கிடைக்கும் வரை தீவுகளில் காட்டாமல் வைத்திருக்கச் சொல்வார்கள். முடிந்தால் விதிவிலக்கு கேட்டு எழுதுங்கள். 5ஆம் பதிலில் சொன்ன இடங்களில் ஒரு சுவரும் புரொஜெக்டரும் போதும்.

19. ஜமைக்காக்காரர் ஆங்கிலம்தானே பேசுகிறார், அதற்கும் ஆங்கில சப்டைட்டில் போடலாமா?

படத்தில் வரும் இங்கிலாந்துக்காரருக்கும் கனடாக்காரருக்கும் போடுவதாக இருந்தால் போடலாம். ஒருவருக்கு மட்டும் போட்டால் அவர் பேசுவது குறையுள்ள பேச்சு என்று திரையில் எழுதிக் காட்டுவதாகிவிடும். நாங்கள் ஆங்கிலப் பிரதி இரண்டு வைக்கப்போகிறோம்: ஒன்றில் கிரியோலுக்கும் ஸ்பானிஷுக்கும் மட்டும் எழுத்து, மற்றதில், காது கேளாதவர்களுக்காக, எல்லோருக்கும் எழுத்து. தமிழ் சப்டைட்டிலும் வரும். அதில் கலைஞர்களின் பெயர்களை அவரவர் உச்சரிக்கும்படி எழுத, ஒவ்வொருவரிடமும் தன் பெயரைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு வாங்கி வைத்திருக்கிறோம்.